பெனடிக்டைன் சகோதரிகளின் மடத்தில் தங்கப் போகிறேன்: என்ன எதிர்பார்ப்பார்கள்?

கார்காலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம், கிறிஸ்தவத் துறவிகளான பெனடிக்டைன் சகோதரிகளின் மடம் ஒன்றில் சில நாட்கள் தங்கப் போகிறேன். இப்படிப்பட்ட இடத்துக்கு நான் போனதே இல்லை. அங்கே தங்கியவர்கள், அந்தச் சகோதரிகளோடு பழகியவர்கள் இங்கே இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

அம்மா நெடுநாள் படுக்கையில் இருந்து போய்ச் சேர்ந்தார். பார்த்துக்கொண்டது நான்தான். எல்லாம் முடிந்த பிறகும் நள்ளிரவில் மருந்து கொடுக்கும் நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வருகிறவர்கள் ஆறுதல் சொல்லத்தான் வருகிறார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் நடந்ததை முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பேச வேண்டிய கட்டாயம் இல்லாத ஓர் இடத்தில் கொஞ்ச நாள் இருந்தால் போதும் என்று தோன்றுகிறது. கூட வேலை பார்த்த ஒருவர் இந்த மடத்தைப் பற்றிச் சொன்னார். எழுதிக் கேட்டேன், வரச் சொல்லிப் பதில் வந்தது.

அந்தக் கடிதம்தான் என்னை யோசிக்க வைக்கிறது. நான் கிறிஸ்தவள் இல்லை என்று எழுதியிருந்தேன். பதிலில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. மாலைச் செபத்துக்கு முன் வந்து சேர்ந்தால் நல்லது, தாமதமானால் வாசல் மணியை அடியுங்கள், யாராவது வருவார்கள். சாப்பிடக் கூடாதது ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இரவுச் செபத்துக்குப் பிறகு யாரும் பேசமாட்டோம், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவுதான். எவ்வளவு பணம் என்றுகூட இல்லை.

முன்பின் தெரியாத ஒருத்திக்கு எதற்காக இப்படிக் கதவு திறக்கிறார்கள்? பதிலுக்கு என்ன எதிர்பார்ப்பார்கள்? எல்லாச் செபங்களுக்கும் போக வேண்டுமா? ஒரு நாளை மணிக்கணக்கில் வகுத்து வாழ்கிறவர்களுக்கு நடுவே நான் இடைஞ்சலாக இருப்பேனோ என்பதுதான் பெரிய தயக்கம். என்னைத் தங்கள் சபையில் சேர்க்கப் பார்ப்பார்களோ என்று என் அக்கா வேறு கேட்கிறார்.

—

வாசற்படி எழுதியது:

இடைஞ்சல் என்ற எண்ணத்தை முதலில் எடுத்துப் போடுங்கள், கார்காலம். உங்களைப் போல வேளை தெரியாமல் வந்து நிற்கப்போகிறவர்களுக்காக ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன்பே ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார்கள்.

நான் இல்லறத்தில் இருப்பவள். பெனடிக்டைன் மடம் ஒன்றோடு ஒப்லேட்டாக இணைந்திருக்கிறேன். அதாவது வீட்டிலும் வேலையிலும் இருந்துகொண்டே அந்த மடத்தின் ஒழுங்கை என்னால் இயன்றவரை கடைப்பிடிப்பதாக வாக்குக் கொடுத்தவள். அங்கே போகும்போதெல்லாம் விருந்தினர் இல்லப் பொறுப்புச் சகோதரிக்குத் துணையாக இருப்பேன். படுக்கை விரிப்பது, துணி மடிப்பது, புதிதாக வந்தவர்களைக் கோவிலுக்கு அழைத்துப்போய்ச் செபப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுப்பது, இவைதான் என் வேலைகள்.

இந்த மடங்கள் பின்பற்றுவது புனித பெனடிக்ட் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்கு நூலை. அதில் 73 அத்தியாயங்கள் உண்டு. 53ஆம் அத்தியாயம் முழுக்க விருந்தினரைப் பற்றியது. வருகிறவர் யாராக இருந்தாலும் கிறிஸ்துவையே வரவேற்பதுபோல் வரவேற்க வேண்டும் என்று அது தொடங்குகிறது. 'அன்னியனாக இருந்தேன், ஏற்றுக்கொண்டீர்கள்' என்று கடைசித் தீர்ப்பு நாளில் கிறிஸ்து சொல்லப்போகிறார் என்பதுதான் காரணம். உங்கள் கடிதத்தில் மதம் பற்றிப் பேச்சு இல்லாததற்கும் இதுவே விளக்கம் என்று நினைக்கிறேன். யார் வருகிறார் என்று பார்த்து அவர்கள் கதவு திறப்பதில்லை. 66ஆம் அத்தியாயத்தில் வாயில் காப்பவருக்கு ஒரு வழக்கம் சொல்லியிருக்கிறது: யாராவது தட்டினாலோ, ஏழை ஒருவர் வெளியே நின்று குரல் கொடுத்தாலோ, உள்ளிருந்து முதலில் வர வேண்டிய பதில் 'இறைவனுக்கு நன்றி'. தட்டியவர் யார் என்பதே அப்போது தெரியாது!

அதே 53ஆம் அத்தியாயம் இன்னொன்றும் சொல்கிறது. விருந்தினர் கண்ட நேரத்தில் வருவார்கள், மடத்தில் அவர்களுக்குக் குறைவே இராது. ஆகவே அவர்களுக்குத் தனிச் சமையலறை இருக்கட்டும், மற்றவர்களின் அமைதி கெட வேண்டாம். இந்த வரியை நான் பெரிதாக மதிக்கிறேன். விருந்தினருக்காக மடத்தின் நாள் குலையாது. மடத்தின் நாள் குலையக் கூடாது என்பதற்காக விருந்தினரைத் திருப்பி அனுப்பவும் மாட்டார்கள். இரண்டையும் காப்பாற்றும் வழி அடுப்படியிலேயே தொடங்குகிறது. போதுமான படுக்கைகள் விரித்துத் தயாராக இருக்க வேண்டும் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. ஆள் வந்த பிறகு விரிப்பைத் தேடுவது எங்கள் பொறுப்புச் சகோதரிக்கு அறவே பிடிக்காது. ஒருவர் கிளம்பிப்போன அன்றே அந்த அறையைப் பெருக்கி, புது விரிப்புப் போட்டு, போர்வையைக் கால்மாட்டில் மடித்துவைத்து, சன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டுத்தான் வெளியே வருவார். அடுத்து யார் வருவார் என்று அப்போது யாருக்கும் தெரிந்திருக்காது.

உங்கள் அக்காவிடம் 58ஆம் அத்தியாயத்தைச் சொல்லுங்கள். மடத்தில் சேர வருகிறவருக்கு எளிதில் இடம் கொடுக்காதே, நான்கைந்து நாள் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கட்டும், பொறுமையைப் பார், பிறகு உள்ளே விடு என்கிறது அது. விருந்தினருக்கு உடனே திறக்கும் கதவு, சேர வருகிறவருக்குத் தாமதித்தே திறக்கிறது. இன்றைக்கும் ஒரு பெண் வாழ்நாள் முழுதும் துறவியாக இருப்பதாக இறுதி வார்த்தைப்பாடு கொடுக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆள் பிடிக்கிறவர்கள் இப்படியா செய்வார்கள்?

செபங்களைப் பற்றி: எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை. விடியற்காலைச் செபத்துக்கு வராதவர்களை யாரும் குறித்துவைத்துக்கொள்வதில்லை. மாலைச் செபத்துக்கு மட்டும் ஒருமுறை போய்ப் பாருங்கள் என்று சொல்வேன். சகோதரிகள் எதிரெதிராக இரண்டு வரிசையாக நின்று விவிலியத்தின் திருப்பாடல்களை மாறி மாறிப் பாடுவார்கள். ஒவ்வொரு வரியின் நடுவிலும் ஒரு நிறுத்தம் உண்டு. ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம். புதிதாக வந்தவர்கள் அந்த இடத்தில் நிற்காமல் ஓடிவிடுவார்கள், குரல் தனியாகக் கேட்கும், முகம் சிவந்துவிடும். வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு மூன்று பாடல்கள் போவதற்குள் உடம்பே அந்த நிறுத்தத்தைக் கற்றுக்கொள்ளும். பாடாமல் உட்கார்ந்து கேட்டாலும் நிறைவுதான். திருப்பலி என்னும் பூசைக்குப் போனால், நற்கருணை அப்பம் வாங்க மற்றவர்கள் எழுந்து போகும்போது நீங்கள் இடத்திலேயே இருக்கலாம்.

நள்ளிரவில் விழிப்பு வருகிறது என்றீர்களே. அதைப் பொறுப்புச் சகோதரியிடம் சொல்லிவையுங்கள். பல மடங்களில் விருந்தினர் எந்நேரமும் போய் உட்காரக் கோவிலிலோ சிறு செபக்கூடத்திலோ ஒரு கதவு திறந்திருக்கும். எந்தக் கதவு, விளக்கு எங்கே என்று பகலிலேயே காட்டிவிடுவார்.

—

நெடுவழி எழுதியது:

மேலே எழுதியவரின் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேட்பவர் துக்கத்தில் இருக்கிறார், ஆகவே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நானும் ஒரு பெனடிக்டைன் மகளிர் மடத்தில் தங்கியிருக்கிறேன், பெயர் வேண்டாம். அறை சுத்தம், சாப்பாடு நல்ல சாப்பாடு. ஆனால் நடைவழியில் எதிரே வந்த சகோதரிகள் தலை தாழ்த்திப் புன்னகைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருவர்கூட நின்று பேசவில்லை. மனைவியைப் பிரிந்திருந்த நேரம் அது. யாராவது 'என்ன ஆயிற்று' என்று கேட்கமாட்டார்களா என்று ஏங்கினேன். கிறிஸ்துவைப்போல வரவேற்பது என்றால் கொஞ்சம் பேச்சும் அதில் சேராதா?

—

வாசற்படி எழுதியது:

நெடுவழி, நீங்கள் பட்டது உண்மையான வலி. அதைப் பூசி மெழுகமாட்டேன்.

அந்தச் சகோதரிகள் செய்தது 53ஆம் அத்தியாயத்தின் கடைசி வரிகளில் இருப்பது. பொறுப்புக் கொடுக்கப்படாதவர் விருந்தினரோடு பேச்சுக் கொடுக்கக் கூடாது. எதிர்ப்பட்டால் பணிவாக வணங்கி, ஆசி கேட்டு, 'பேச எனக்கு அனுமதி இல்லை' என்று சொல்லிக் கடந்துபோக வேண்டும். ஒவ்வொரு நாளும் வெளியாள் வந்துபோகும் வீட்டில் எல்லாரும் எல்லாரோடும் பேசினால் மடத்தின் அமைதி ஒரு மாதம்கூடத் தாங்காது. அதே நூல் விருந்தினருக்கென்று ஒருவரைத் தனியே நியமிக்கச் சொல்கிறது, அவர் இறையச்சம் நிறைந்தவராக இருக்க வேண்டும் என்கிறது. பேசுவதற்கென்றே ஆள் இருக்கிறார். ஆனால் அதை உங்களிடம் யாராவது வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது அந்த விருந்தினர் இல்லத்தின் குறைதான். நாங்கள் அறை சாவியைக் கொடுக்கும்போதே 'பேச வேண்டும் என்று தோன்றினால் இந்த நேரத்தில் இந்த அறையில் இருப்பேன்' என்று சொல்லிவிடுவோம்.

கார்காலம், உங்களுக்கு இது நேர்மாறாக உதவும். கேட்கமாட்டார்கள். நீங்களாகக் கேட்டால் மட்டுமே உட்கார்ந்து கேட்பார்கள்.

—

ஆற்றுமணல் எழுதியது:

ஒரு விஷயத்தைச் சேர்க்கிறேன். பெனடிக்டைன் மகளிர் மடம் என்றால் எல்லாம் ஒரே மாதிரி இராது. சில மடங்களில் சகோதரிகள் வெளியாரோடு கலக்காமல் மடத்துக்குள்ளேயே அடைபட்ட வாழ்வு வாழ்கிறார்கள். அவர்கள் சாப்பிடும் இடத்துக்கு நீங்கள் போக முடியாது, பேசுவதுகூடத் தனி அறையில்தான். வேறு சில மடங்களில் சகோதரிகளே பள்ளியில் பாடம் நடத்துவார்கள், நோயாளிகளைப் பார்ப்பார்கள், விருந்தினரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரே வேரிலிருந்து இரண்டும் கிளைத்திருக்கின்றன. ஜெர்மனியில் ஐக்‌ஷ்டாட் நகரின் புனித வால்புர்கா மடம் 1035இல் தொடங்கப்பட்டது. அங்கிருந்து 1852இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குச் சில சகோதரிகள் போனார்கள். குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததால் பழைய அடைப்பு முறையை அவர்களால் அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை. அவர்கள் வழியில் வந்தவர்கள் 1857இல் மினசோட்டா வரை போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே நீங்கள் போகும் மடம் எந்த வகை என்று முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஸ்கொலாஸ்டிகாவை மறந்துவிட்டுப் பெனடிக்டின் விருந்தோம்பலைப் பேசக் கூடாது. அவர் பெனடிக்டின் தங்கை. ஆண்டுக்கு ஒருமுறைதான் இருவரும் மடத்துக்கு அருகே ஒரு வீட்டில் சந்திப்பார்கள். கடைசிச் சந்திப்பில் பொழுது சாய்ந்த பிறகும் 'இன்றிரவு இருங்கள், விடியும்வரை இறைவனைப் பற்றிப் பேசுவோம்' என்று தங்கை கேட்டார். மடத்துக்கு வெளியே தங்க முடியாது என்று அண்ணன் மறுத்தார். தங்கை மேசைமேல் கைகளைக் கோத்துத் தலை கவிழ்ந்து செபித்தார். இடியும் மழையுமாகக் கொட்டித் தீர்த்தது. அண்ணன் நகர முடியவில்லை. மூன்று நாளில் தங்கை இறந்துபோனார். இதை எழுதிவைத்த திருத்தந்தை (போப்) பெரிய கிரகோரியார், அவள் அதிகம் அன்பு செய்தாள், அதனால் அவளால் அதிகம் செய்ய முடிந்தது என்கிறார். பெப்ரவரி 10 ஸ்கொலாஸ்டிகாவின் திருநாள். நெடுவழி கேட்டதற்கு இதுவும் ஒரு பதில் என்று எனக்குப் படுகிறது. ஒழுங்கு நூலை எழுதியவரையே ஓர் இரவு உட்கார வைத்துவிட்டாள் தங்கை.

—

கார்காலம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நெடுவழி, உங்கள் பதிலைப் பலமுறை படித்தேன். நீங்கள் தேடியது கிடைக்காமல் போனதற்கு வருந்துகிறேன்.

இன்னொரு கேள்வி கேட்கலாமா? அந்தச் சகோதரிகள் தங்களுக்குள் எப்படி இருக்கிறார்கள்? வருகிற ஆளிடம் இனிமையாக இருப்பது ஒன்று. நாளெல்லாம், வாழ்நாளெல்லாம் அதே முகங்களோடு இருப்பது வேறு. அம்மாவோடு ஒரே அறையில் இருந்த காலத்தில் அன்பு குறையவில்லை. ஆனால் பொறுமை எத்தனையோ தடவை வற்றிப்போனது. அவர்கள் என்ன செய்கிறார்கள்?

—

வாசற்படி எழுதியது:

இதைக் கேட்டதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். விருந்தினர் இல்லத்தின் பின்பக்கம் இருப்பது இதுதான். பக்கத்து இருக்கையில் நாற்பது ஆண்டுகளாக உட்காரும் சகோதரியை ஏற்றுக்கொள்ளத் தெரியாத மடத்தால் வாசலில் நிற்கும் அன்னியரை நெடுநாள் ஏற்றுக்கொள்ள முடியாது. வருகிறவர்கள் அதை உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

சண்டை வரும். கதவை யார் சாத்தாமல் விட்டது, கோவிலில் யார் சுதி தாழ்த்திப் பாடுகிறார், யார் இருமுகிறார். பெனடிக்ட் இதெல்லாம் தெரிந்தே எழுதியிருக்கிறார். உடலிலும் குணத்திலும் உள்ள பலவீனங்களை மிகுந்த பொறுமையோடு ஒருவருக்கொருவர் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது 72ஆம் அத்தியாயம். குணத்திலும் என்று சேர்த்தாரே, அதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். நோயாளியின் உடம்பைத் தாங்குவது ஒருவகையில் எளிது, அவர் கோபத்தைத் தாங்குவதுதான் கடினம். உங்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவர்கள் கையில் இருப்பது அறிவுரை அல்ல, பழக்கங்கள். சமையலும் பரிமாறுவதும் முறைவைத்து வாராவாரம் மாறும். பாத்திரங்களைச் சுத்தமாகத் திருப்பி ஒப்படைத்துவிட்டுத்தான் அந்த வாரத்தை முடிக்க வேண்டும். பண்டகப் பொறுப்பாளர் மடத்துச் சாமான்களை எல்லாம் பீடத்தின் திருப்பாத்திரங்களைப்போல் மதிக்க வேண்டும்; கேட்டதைக் கொடுக்க இயலாவிட்டால் நல்ல வார்த்தையாவது கொடுக்க வேண்டும். சமைத்த பதார்த்தம் இரண்டு இருக்கட்டும், ஒன்று ஒத்துக்கொள்ளாதவர் மற்றதைச் சாப்பிடட்டும். வரிசையில் யார் முன், யார் பின் என்பது மடத்தில் சேர்ந்த நாளைப் பொறுத்தது. குடும்பம், படிப்பு, வெளியில் பார்த்த வேலை எதுவும் அங்கே செல்லாது. பெரிய முடிவு என்றால் தலைவி எல்லாரையும் கூட்டிக் கேட்க வேண்டும். நல்ல யோசனையை இறைவன் பல வேளைகளில் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்று 3ஆம் அத்தியாயம் காரணம் சொல்கிறது.

நான் நேரில் பார்த்து மறக்காதது சாப்பாட்டு மேசை. மடத்தில் சாப்பிடும்போது ஒருவர் புத்தகம் வாசிப்பார், மற்றவர்கள் பேசுவதில்லை. ஆகவே உப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. யாரும் எதையும் கேட்க வேண்டிய தேவை வராதபடி ஒருவருக்கொருவர் பார்த்துப் பரிமாற வேண்டும் என்பது 38ஆம் அத்தியாயத்தின் கட்டளை. ஒரு திருநாளில் எங்களையும் அவர்களோடு உட்கார வைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் மிகவும் வயதான சகோதரி ஒருவர். கை நடுக்கத்தில் கரண்டி தட்டில் பட்டுச் சத்தமிடும். அவர் கண் தன் தட்டில் இல்லை. என் தம்ளரில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியதும் குடுவையை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார். தூக்கி ஊற்ற அவரால் முடியாது, தள்ள முடியும். அவருக்கு எதிரே இருந்த இளையவர் அதே நேரத்தில் அவருடைய ரொட்டியைச் சிறிய துண்டுகளாக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். எல்லார் காதும் வாசிப்பில் இருந்தது.

பேச்சு இல்லாத மேசையில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். உங்களுக்கு அந்த மேசையில் இடம் கிடைத்தால் நீங்களும் குடுவையைத் தள்ளுங்கள். பதிலுக்கு என்ன எதிர்பார்ப்பார்கள் என்று முதலில் கேட்டீர்களே, இதைவிட அதிகமாக எதையும் எதிர்பார்க்கமாட்டார்கள்.

பணம் பற்றி: தயங்காமல் கேளுங்கள். சில மடங்களில் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று வைத்திருப்பார்கள். சில மடங்களில் அறையில் ஓர் உறை மட்டும் இருக்கும். கையில் இல்லாதவர் என்றால் அதை முன்னாலேயே சொல்லிவிடலாம், முகம் கோணமாட்டார்கள். ஏழைகளையும் வழிப்போக்கர்களையும் வரவேற்பதில்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்கிறது ஒழுங்கு நூல். பணக்காரர்களைக் கண்டால் எழும் பயமே அவர்களுக்கு மரியாதையை வாங்கிக் கொடுத்துவிடுமாம். ஆனால் வசதி உள்ளவர்கள் கொடுத்துவிட்டுப் போவதுதான் நியாயம். அந்த விரிப்புகளைத் துவைக்கவும் கூரையைப் பழுது பார்க்கவும் வேறு பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. ஜெர்மனியில் எய்பிங்கன் மடத்துச் சகோதரிகள் திராட்சைத் தோட்டம் வைத்து மது தயாரிக்கிறார்கள். நற்கருணை அப்பம் செய்கிற மடங்களும் வழிபாட்டு உடை தைக்கிற மடங்களும் உண்டு. கை உழைப்பில் வாழ்கிறவர்கள்.

—

நெடுவழி எழுதியது:

பேசுவதற்கென்று ஒருவர் இருப்பார் என்பது எனக்குத் தெரியாது. நான் தங்கிய இடத்திலும் ஒரு சகோதரி தினமும் காலையில் வாசல் அருகே உள்ள அறையில் உட்கார்ந்திருந்தார். கணக்கு எழுதுகிறார் என்று நினைத்துக் கடந்துபோனேன். கார்காலம், நீங்கள் அப்படிக் கடந்துபோகாதீர்கள். இன்றுதான் பேச வேண்டும் என்று தோன்றுகிற நாளில் நேரே போய் உட்காருங்கள்.

—

கார்காலம் எழுதியது:

சரி, நெடுவழி. அப்படியே செய்கிறேன்.

எனக்கு முழங்கால் வலி உண்டு, மண்டியிட முடியாது. அதையும், இரவு விழிப்பையும், பணத்தையும் சேர்த்து இன்றே அந்தச் சகோதரிக்கு எழுதுகிறேன். தோட்டத்தில் உதவி தேவைப்பட்டால் நின்றுகொண்டு செய்யக்கூடிய வேலை ஏதாவது கொடுங்கள் என்றும் எழுதலாமா, அது அதிகப்பிரசங்கித்தனமா?

—

வாசற்படி எழுதியது:

தாராளமாக எழுதலாம். கை உழைப்பு அந்த வீட்டில் செபத்துக்கு அடுத்தபடி. ஆனால் முதல் இரண்டு நாள் வேலை கேட்காதீர்கள், தூங்குங்கள். நெடுநாள் நோயாளியைப் பார்த்துக்கொண்ட உடம்புக்கு அதுதான் முதல் தேவை, பொறுப்புச் சகோதரியும் அதைத்தான் சொல்வார். கோவிலில் மண்டியிட வேண்டியதில்லை. எழுந்து நிற்கும் நேரத்தில்கூட நீங்கள் உட்கார்ந்திருக்கலாம், வயதான சகோதரிகள் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள். காலணி மட்டும் சத்தம் போடாததாக எடுத்துப் போங்கள்.